புதுக் கணினிக்குள் விண்டோஸ் 98: பழைய தமிழ்க் கோப்புகளை மீட்கும் வழி

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில், காவிரிப் படுகை அணையிலிருந்து ராஜா வாய்க்கால் பிரிந்து வயல்களுக்குப் போகிறது. கரும்பும் வாழையும் வெற்றிலையும் விளையும் பூமி. பக்கத்துப் பிலிக்கல்பாளையத்தில் வெல்லச் சந்தை, சற்றுத் தள்ளிக் கபிலர்மலையில் முருகன் கோயில். இந்தப் பக்கத்து ஊர்களில் கும்பாபிஷேகம் என்றால் பத்திரிகையோடு சேர்த்து ஒரு மலரும் அச்சடிப்பது உண்டு. தல வரலாறு, பூஜை முறை, கட்டளைதாரர்கள், நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியல் எல்லாம் அதில் ஏறும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் என்பது மரபு. ஆகவே 2001-ல் போட்ட மலர் 2013-ல் ஒருமுறை தேவைப்படும். அடுத்த பன்னிரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் தேவைப்படும்.

அப்படி ஒரு மலரை இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். திருப்பணிக் குழுவின் கையில் இருப்பது ஓரம் செல்லரித்த ஒரே ஒரு அச்சுப் பிரதி. மலரை டைப் செய்த டிடிபி சென்டரின் அலமாரியில் ஒரு சிடியும் நான்கு பிளாப்பிகளும் கிடைக்கின்றன. சிடியை இன்றைய லேப்டாப்பில் போட்டால் ஃபைல் பெயர்கள் தெரிகின்றன. எதுவும் திறக்க மறுக்கிறது. அந்த மலர் பேஜ்மேக்கர் 6.5-ல், விண்டோஸ் 98 ஓடிய கணினியில், அந்தக் காலத்து எழுத்துருவில் செய்யப்பட்டது.

அந்தக் கணினி இன்று இல்லை. ஆனால் அதை மென்பொருளாகவே புதுக் கணினிக்குள் உருவாக்கிக்கொள்ளலாம். அதற்குப் பெயர் மெய்நிகர் கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின். அதில் விண்டோஸ் 98-ஐ நிறுவி, மலரைத் திறந்து, உள்ளிருக்கும் தமிழை யூனிகோடாக வெளியே எடுப்பது வரை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது?

முதலில் நோயைப் புரிந்துகொள்ள வேண்டும். யூனிகோடில் தமிழுக்கு 1991 முதலே இடம் உண்டு. ஆனால் சாதாரண விண்டோஸ் கணினியில் அது இயங்குதளத்தின் மட்டத்திலேயே வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000-லிருந்துதான். லதா எழுத்துரு அதோடுதான் வந்தது. அதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரம் செய்தன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தன. கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். கண்ணுக்கு மட்டும் தமிழ்.

பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல், ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாக இருக்கிறது. ஜே என்பது ‘த’. கே-யும் பி-யும் சேர்ந்தால் ‘மி’. ஓ என்பது ‘ழ’. அரைப்புள்ளி மேலே வைக்கும் புள்ளி. ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இல்லாத கணினியில் இந்த ஃபைலைத் திறந்தால் பக்கம் முழுக்க இப்படிப் பொருளற்ற ஆங்கிலம்தான் வரும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பலர் அழித்துவிடுவது இந்த இடத்தில்தான். அது கெடவில்லை, எழுத்துருதான் இல்லை.

சிக்கல் இதோடு முடியவில்லை. பாமினிக்கு ஒரு இட அமைப்பு, வானவில்லுக்கு வேறு, ஸ்ரீலிபிக்கு இன்னொன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழ் மட்டும் எழுத ‘டாம்’, தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுத ‘டாப்’ என்று இரண்டு குறியாக்கங்களும், தமிழ்99 விசைப்பலகையும் அதன் வழியாக வந்தன. இணையத்தில் கூடிப் பேசிய தமிழர்கள் ‘டிஸ்கி’ என்ற இன்னொரு குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பல முதலில் டிஸ்கியில் வந்து, பிறகு யூனிகோடுக்கு மாறியவை. 2010 ஜூன் மாதம், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக அறிவித்தது.

ஆக, ஏறக்குறைய 1990 முதல் 2010 வரை தமிழ்நாட்டின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் டைப் செய்யப்பட்ட தமிழில் பெரும்பகுதி இந்தப் பழைய குறியாக்கங்களுக்குள் இருக்கிறது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அதைத் தெரிந்துகொள்ள மிக நம்பகமான வழி, ஃபைலை அதன் சொந்தச் சூழலில் திறந்து பார்ப்பது.

முதல் வேலை: நகல்

பிளாப்பியைக் கையில் எடுத்ததும் அதன் மூலையில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைப் பார்க்க வேண்டும். ஓட்டை திறந்திருந்தால் அதில் எதையும் எழுத முடியாது. அந்த நிலையில்தான் வேலை தொடங்க வேண்டும். யூஎஸ்பியில் செருகும் பிளாப்பி டிரைவ் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. 1.44 எம்பி பிளாப்பியை அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக நகலெடுத்துக்கொண்டு, மூலத்தை உறையில் போட்டுவிட வேண்டும். சிடிக்கும் அதே முறை: ஐஎஸ்ஓ இமேஜ். படிக்க முரண்டு பிடிக்கும் பிளாப்பிக்கு லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ நல்ல கருவி. படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும்.

பழைய கணினியின் ஹார்டு டிஸ்க் எங்காவது கிடந்தால் அது பெரிய வரம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக நகலெடுத்துக்கொள்ளலாம். தமிழ் மென்பொருள்கள் சில, கணினியின் பின்புறம் பிரின்டர் போர்ட்டில் செருகும் ‘டாங்கிள்’ பூட்டோடு வந்தன. பூட்டு தொலைந்திருந்தால் டைப் செய்யும் மென்பொருள் ஓடாது. ஆனால் எழுத்துரு ஃபைல்கள் கையில் இருந்தால், டைப் செய்து வைத்ததைப் பார்க்கவும் அச்சடிக்கவும் பல சமயம் அதுவே போதும்.

எந்த இயங்குதளம்?

பேஜ்மேக்கர் ஃபைலைத் திறப்பது மட்டுமே வேலை என்றால் விண்டோஸ் எக்ஸ்பியோ 2000-மோ போதும். மெய்நிகர் கணினியில் இரண்டும் சிரமமில்லாமல் ஓடும். விண்டோஸ் 98-க்கு மட்டுமே எழுதப்பட்ட தமிழ் கீபோர்டு மென்பொருளோ, டாஸ் கால பில்லிங் மென்பொருளோ சேர்ந்து வேண்டுமென்றால் 98 தான் பொருத்தம். இன்றைய 64 பிட் விண்டோஸில் 16 பிட் மென்பொருள்கள் ஓடவே ஓடாது. 1999-ல் வந்த ‘செகண்ட் எடிஷன்’ பதிப்பை எடுத்துக்கொள்வது நல்லது. முதல் பதிப்பில் இருந்த பல பிழைகள் இதில் திருத்தப்பட்டவை.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 98-க்கான ஆதரவு 2006 ஜூலை 11-ல் முடிந்தது, உரிமை முடியவில்லை. பழைய கணினியோடு வந்த சிடியும், 25 எழுத்து கொண்ட சாவி ஒட்டியிருக்கும் சான்றிதழும் டிடிபி சென்டரின் அலமாரியிலேயே இருக்கக்கூடும். முதலில் அங்கே தேட வேண்டும். டாஸ் மென்பொருள் மட்டும் ஓடினால் போதும் என்பவர்களுக்கு ஃப்ரீடாஸ் இருக்கிறது. ஜிம் ஹால் 1994-ல் தொடங்கிய அந்தத் திட்டம் முழுக்கக் கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

மெய்நிகர் கணினியை அமைப்பது

இதற்கு ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸ் போதும். அடிப்படைத் தொகுப்பு இலவசம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். 6.1 பதிப்பிலிருந்து அது புராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைக் கட்டாயமாகக் கேட்கிறது. பழைய லேப்டாப்களில் அந்த வசதி பயாஸில் அணைக்கப்பட்டிருக்கும்; ஒருமுறை போய்ப் பார்த்து இயக்கிவிட வேண்டும்.

புதிய மெஷின் உருவாக்கும்போது ‘விண்டோஸ் 98’ என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கவனிக்க வேண்டிய எண்கள் இவை:

நினைவகம் 256 எம்பி. தாராளமாக 2 ஜிபி கொடுத்தால் நன்றாக ஓடும் என்று நினைக்கத் தோன்றும், நடப்பது நேர்மாறு. 512 எம்பிக்கு மேல் போனாலே விண்டோஸ் 98 தடுமாறத் தொடங்கும். 1 ஜிபிக்கு மேல் போனால் கிளம்பாமலே நிற்கும்.

ஹார்டு டிஸ்க் 4 ஜிபி. மலருக்கும் எழுத்துருக்களுக்கும் இது அதிகமே. 64 ஜிபிக்கு மேல் போனால் 98-ன் எஃப்டிஸ்க் அளவைத் தப்பாகக் காட்டும். டிஸ்க் ஐடிஇ கன்ட்ரோலரில்தான் இருக்க வேண்டும். சாட்டா என்றால் என்னவென்று 98-க்குத் தெரியாது.

புராசசர் ஒன்று. ஒன்றுக்கு மேல் கொடுத்தாலும் 98 பயன்படுத்தாது. நெட்வொர்க் கார்டை எடுத்துவிட வேண்டும். இருபது ஆண்டாகப் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத இயங்குதளத்தை இணையத்தில் விடக்கூடாது. மலரைத் திறக்க இணையம் தேவையும் இல்லை.

எஃப்டிஸ்க் முதல் டெஸ்க்டாப் வரை

சிடி இமேஜைச் செருகி மெஷினை இயக்கினால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். சிடியிலிருந்து கிளம்பச் சொல்லி, அடுத்த பட்டியலில் ‘சிடி-ராம் ஆதரவோடு கணினியைத் தொடங்கு’ என்ற வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் தனியாக விற்ற சில சிடிகள் தாமாகக் கிளம்பாது; அவற்றுக்கு விண்டோஸ் 98 பூட் பிளாப்பியின் இமேஜ் தேவைப்படும்.

சற்று நேரத்தில் ஏ டிரைவின் குறி கண்சிமிட்டும். எஃப்டிஸ்க் என்று டைப் செய்து என்டர் தட்டினால், பெரிய டிஸ்க் ஆதரவு வேண்டுமா என்று ஒரு நீண்ட கேள்வி வரும். ஆம் என்றால் ஃபாட்32. இல்லை என்றால் பழைய ஃபாட்16. அதில் ஒரு பகுதி 2 ஜிபியைத் தாண்டாது. ஆம் என்று சொல்லி, டிஸ்க் முழுவதையும் ஒரே முதன்மைப் பகுதியாக்கி, எஃப்டிஸ்கை விட்டு வெளியே வந்து மெஷினை மறுபடி தொடங்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த மறுதொடக்கத்தைத்தான். அதைச் செய்யாமல் ஃபார்மட் கொடுத்தால், அப்படி ஒரு டிரைவே இல்லை என்று பதில் வரும். திரும்ப வந்த பிறகு சி டிரைவை ஃபார்மட் செய்யலாம். அந்தக் கட்டளை ஏ டிரைவில் அகப்படாவிட்டால் சிடியின் வின்98 ஃபோல்டரில் இருக்கும். சிடி டிரைவ் டி என்ற எழுத்திலோ இ என்ற எழுத்திலோ வரும். இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு அனுபவப் பாடம். நேராக சிடியிலிருந்து நிறுவாமல், அந்த வின்98 ஃபோல்டர் முழுவதையும் சி டிரைவுக்கு நகலெடுத்து, அங்கிருந்து செட்டப்பைத் தொடங்க வேண்டும். விண்டோஸ் 98 ஒவ்வொரு டிரைவரைச் சேர்க்கும்போதும் ‘விண்டோஸ் சிடியைப் போடு’ என்று கேட்கும். ஃபைல்கள் சி டிரைவிலேயே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. அன்றைக்குக் கணினி சர்வீஸ் செய்தவர்கள் பலர் கையாண்ட முறை இது.

பிறகு சாவியைக் கொடுத்து, பெயர், நாடு, நேர மண்டலம் எல்லாம் சொன்னால் செட்டப் தானே போய்க்கொண்டிருக்கும். மூன்று நான்கு முறை தானாக அணைந்து தொடங்கும். கடைசியில் பச்சை கலந்த நீல டெஸ்க்டாப் வரும். பார்த்துப் பல ஆண்டு ஆனவர்களுக்கு அந்த நிறமே போதும், இடம் எது என்று தெரிய.

வழியில் வரும் தடங்கல்கள்

நிறுவும்போதோ முதல் தொடக்கத்திலோ ‘விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர்’ என்று நின்றுவிட்டால் சிடியைச் சந்தேகிக்க வேண்டாம். விண்டோஸ் 98 தன் நினைவகத்தைக் கையாளும் விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. பழைய புராசசர்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. அண்மை ஆண்டுகளின் ஏஎம்டி ரைசன், இன்டெல் சிப்கள் பொறுப்பதில்லை. ‘பேட்சர்9எக்ஸ்’ என்ற இலவசக் கருவி அந்தப் பிழையைத் திருத்திவிடும். பிளாப்பி இமேஜாகவே கிடைக்கிறது. அதிலிருந்து மெஷினைக் கிளப்பி, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் 86பாக்ஸுக்கு மாறலாம். அது பழைய கணினியின் மதர்போர்டு, புராசசர், டிஸ்ப்ளே கார்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மென்பொருளில் நடித்துக் காட்டுகிறது. வேகம் குறைவு. ஆனால் 98-ஐப் பொறுத்தவரை அது உண்மையான பென்டியம் கணினியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும்.

திரை 16 நிறத்தோடு 640-க்கு 480 என்று சின்னதாக நிற்பது இன்னொரு குறை. விர்ச்சுவல்பாக்ஸின் திரைக்கு ஏற்ற டிரைவர் 98-ல் கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸும் 98-க்கென்று கெஸ்ட் அடிஷன்ஸ் தருவதில்லை. ‘விபிஇஎம்பி’ அல்லது ‘சாஃப்ட்ஜிபியூ’ டிரைவரைச் சேர்த்தால் பேஜ்மேக்கர் பக்கத்தை முழுதாகப் பார்க்கும் அளவுக்குத் திரை விரியும்.

இவ்வளவும் முடிந்ததும் மெஷினை அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். பின்னால் எது கெட்டாலும் இந்த நிலைக்கு ஒரே நொடியில் திரும்பி வரலாம்.

மலரை உள்ளே கொண்டுபோவது

கெஸ்ட் அடிஷன்ஸ் இல்லாததால் ஃபோல்டரைப் பகிர முடியாது, பென்டிரைவும் உதவாது. எளிய வழி, மலர் ஃபைல்கள், எழுத்துருக்கள், பேஜ்மேக்கர் செட்டப் எல்லாவற்றையும் ஒரே ஐஎஸ்ஓ இமேஜாகச் செய்து மெஷினின் சிடி டிரைவில் செருகுவது. இம்க்பர்ன் போன்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். செய்யும்போது ‘ஜோலியட்’ என்ற தேர்வு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீளமான ஃபைல் பெயர்கள் எட்டு எழுத்தாக வெட்டுப்படும்.

சிடியிலிருந்து வரும் ஃபைல்களுக்கு ‘படிக்க மட்டும்’ என்ற குறி ஒட்டியிருக்கும். சி டிரைவுக்கு நகலெடுத்த பிறகு, புராபர்ட்டீஸில் போய் அந்தக் குறியை எடுத்துவிட வேண்டும்.

எழுத்துருவில் பேராசை கூடாது. கையில் கிடைத்த நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்களையும் கொட்டினால் 98 திணறும். மலர் கேட்பதை மட்டும் சேர்த்தால் போதும். அது எதைக் கேட்கிறது என்பதைப் பேஜ்மேக்கரே சொல்லிவிடும். ஃபைலைத் திறந்ததும் இல்லாத எழுத்துருக்களின் பட்டியலும், அவற்றுக்குப் பதில் எதைப் போடலாம் என்ற யோசனையும் ஒரு சன்னலில் வரும். அந்தப் பட்டியலை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நிரந்தரமாக மாற்றச் சம்மதிக்கக் கூடாது. ஃபைலைச் சேமிக்காமல் மூடிவிட்டு, வேண்டிய எழுத்துருக்களைச் சேர்த்து மறுபடி திறக்க வேண்டும்.

எழுத்துரு பொருந்திய கணத்தில் பக்கம் உருமாறும். ஜே, கே, பி என்று நின்ற வரிகள் தல வரலாறாகவும், அபிஷேக நேரமாகவும், ஊர்க்காரர்களின் பெயர்களாகவும் எழுந்து நிற்கும். கோபுரத்தின் படம் பழைய இடத்திலேயே இருக்கும். ஓரத்து மாவிலைத் தோரணக் கட்டமும் அப்படியே.

வெளியே கொண்டுவருவது

இரண்டு வடிவில் எடுக்க வேண்டும்: பக்கத்தின் தோற்றம் ஒன்று, எழுத்து ஒன்று.

தோற்றத்துக்கு, 98-ல் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டரைச் சேர்க்க வேண்டும். உண்மையான பிரின்டர் வேண்டாம். ஆப்பிள் லேசர்ரைட்டர் போன்ற ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, போர்ட்டாக ‘ஃபைல்’ என்பதைக் கொடுத்தால் போதும். எழுத்துருக்களைச் சேர்த்து அனுப்பும் தேர்வையும் இயக்கி பிரின்ட் கொடுத்தால், தாளுக்குப் பதிலாக ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைல் கிடைக்கும். புதுக் கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப் ஆக்கிவிடும். பழைய மலர், பக்கத்துக்குப் பக்கம் 2001-ல் இருந்தபடியே.

எழுத்துக்கு, பேஜ்மேக்கரில் டெக்ஸ்ட் கருவியால் ஒரு பத்தியில் சொடுக்கி ‘செலக்ட் ஆல்’ கொடுத்தால் அந்தக் கட்டுரை முழுதும் தேர்வாகும். அதை எக்ஸ்போர்ட் வழியாக ‘டெக்ஸ்ட் ஒன்லி’ ஃபைலாகச் சேமிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி ஃபைல். பெயரிலேயே எழுத்துருவின் பெயரையும் சேர்த்துவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

மெஷினை முழுதாக அணைத்த பிறகு, புதுக் கணினியில் 7-ஜிப்பைக் கொண்டு மெய்நிகர் டிஸ்க் ஃபைலை நேராகத் திறக்கலாம். ஒரு ஜிப் ஃபைலைப் போலவே அது சி டிரைவின் ஃபோல்டர்களைக் காட்டும். வேண்டியதை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு செய்த மாற்றங்கள் தனி ஃபைலில் இருப்பதால், திறப்பதற்கு முன் மெஷினை ‘குளோன்’ செய்து அந்த நகலின் டிஸ்கைத் திறக்க வேண்டும்.

யூனிகோடாக்குவதும் சரிபார்ப்பதும்

மாற்றுவதற்குக் கருவிகள் இருக்கின்றன. சுரதாவின் பொங்குதமிழ், என்எச்எம் கன்வர்ட்டர் இரண்டும் தமிழ் இணையத்தில் பல ஆண்டுகளாகப் பழகியவை. பைத்தான் தெரிந்தவர்களுக்கு ஓப்பன்-தமிழ் நூலகத்தில் பாமினி, டாப், டாம், டிஸ்கி முதலான குறியாக்கங்களை மாற்றும் வசதி உண்டு. டாப், டிஸ்கி ஃபைல்களை எடிட்டரில் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று திறந்தால் கேள்விக்குறிகளாக வரும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் மூலம் அழிந்துபோகும். மேற்கத்திய விண்டோஸ்-1252 என்று சொல்லித் திறக்க வேண்டும்.

மாற்றி முடித்ததும் மூன்று இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதலாவது கொம்பு. பழைய எழுத்துருவில் ‘கொ’ என்பதைக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் டைப் செய்தார்கள். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. நடுவில் ஒரு இடைவெளி தவறி விழுந்திருந்தால் கொம்பு அடுத்த எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது கால். அவசரத்தில் காலுக்குப் பதில் ‘ர’ தட்டியிருப்பார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது, யூனிகோடில் தேடும்போது அந்தச் சொல் கிடைக்காது. ஔகாரத்தின் சிறகுக்குப் பதில் ‘ள’ இருப்பதும் இதே கதை. மூன்றாவது, நடுவில் கலந்த ஆங்கிலம். பட்டப் பெயரும் கடைப் பெயரும் ஆங்கிலத்தில் இருந்தால், கருவி அவற்றையும் தமிழென்று எண்ணி மாற்றிவிடும்.

நன்கொடையாளர் பட்டியலில்தான் இந்தப் பிழைகள் அதிகம் தங்கும். ஒருவர் பெயர் தப்பினாலும் அந்தக் குடும்பத்துக்கு மனக்குறை. அதனால் அந்தப் பட்டியலை மட்டும் இருவராக உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். ஊரின் பெரியவர் ஒருவர் செல்லரித்த அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர், ஊர், தொகை என்று வரி வரியாக வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திரையில் விரல் வைத்துத் தொடர வேண்டும். செல்லரித்துப்போன ஓரம் வரும்போது முறை மாறும்: திரையில் இருப்பவர் படிப்பார், பெரியவர் கேட்டு, யார் அது என்று சொல்வார்.